கிழக்கு பார்த்த பதினேழு தலைகள்

எகிப்தில், எங்கள் கிஃப்த் ஊரில் ஒருவனைக் கெட்டிக்காரன் என்று சொல்ல, அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக் கொடுத்தால், இது முன்னொரு காலத்தில் யாரோ தோண்டி மூடிய மண்ணா, கடவுள் போட்டபடியே கிடக்கிற மண்ணா என்று சொல்லத் தெரிய வேண்டும். பழங்காலப் புதைகுழிகளைத் தோண்டிப் பார்க்க வெளிநாட்டுத் துரைமார்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து எங்கள் ஊருக்கு வாய்த்த மரியாதை இது. மற்ற ஊர்க்காரன் மண்வெட்டி பிடிப்பான், கிஃப்த்காரன் மண்ணைப் படிப்பான்.

அப்படிப் படித்தவர்களில் கினாவி ஒரு தினுசு. அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை எலும்பு துப்புரவு. குழியின் ஓரம் தெரிந்ததும் மண்வெட்டிக்காரர்கள் விலகிக்கொள்வார்கள், கினாவி இறங்குவான். சின்னக் கத்தி, ஒட்டக முடித் தூரிகை, கடைசியில் வெறும் மூச்சு. கன்னத்தை உப்பிக்கொண்டு அவன் ஊதினால் விலா எலும்பின் மேலிருக்கும் மணல் மட்டும் போகும், எலும்பு அசையாது. சூப்பை ஆற்றுகிற மாதிரி ஊதுகிறான் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். கேலிதானே தவிர, அந்த மூச்சு வேறு யாருக்கும் வரவில்லை.

அந்தத் தொழிலில் சட்டம் ஒன்றுதான். இருப்பதை இருக்கிற இடத்திலேயே விட வேண்டும். பானை சாய்ந்திருந்தால் சாய்ந்தபடி, கை மடங்கியிருந்தால் மடங்கியபடி. துரை வந்து பார்த்து, வரைந்து, குறித்துக்கொண்ட பிறகுதான் எதையும் தொடலாம். அதற்கு முன் ஒரு மணியை நகர்த்தினாலும் சீட்டுக் கிழிந்துவிடும். துரைமார்கள் ஒருவருக்கொருவர் கடிதம் போட்டுக்கொள்வதால், ஓரிடத்தில் விரட்டப்பட்டவனை வேறெந்தத் தோண்டலிலும் சேர்க்க மாட்டார்கள். பதினோரு வருஷத்தில் கினாவி ஒரு மண் கட்டியைக்கூட அனாவசியமாக அசைத்தவன் இல்லை. அப்படிப்பட்டவன் பதினேழு தலைகளைத் திருப்பி வைத்தான். உலகத்துப் படிப்பாளிகள் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு பெரிய கேள்விக்கு, தெரியாத்தனமாக அவன் சொன்ன பதில் அது.

ரயில் லக்ஸர் வரைக்கும் ஓட ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஹெஸ்கத் துரை எங்கள் ஊருக்குக் கிழக்கே, பாலைவனம் தொடங்குகிற இடத்தில், செம்மேடு என்கிற சரளை மேட்டில் கூடாரம் அடித்தார். நெட்டையான மனிதர், மூக்கு எப்போதும் வெயிலில் உரிந்து கிடக்கும். அரபு நன்றாகப் பேசுவார். ஆனால் புத்தகத்தில் படித்த அரபு. வெங்காயக்காரனிடம் பேசுவதற்குக்கூடச் செய்யுள் நடைதான் வரும் என்கிற மாதிரி ஆள். அவரிடம் எண் எழுதுகிற வேலைக்கு இருந்தவன் பிஷாரா, எங்கள் ஊர் கிறிஸ்தவன், கினாவியோடு சின்ன வயதில் ஒரே வாய்க்காலில் குதித்து விளையாடியவன். ஒவ்வொரு எலும்பிலும் பானையிலும் மையால் அழகாக எண் போடுவான். அவன் கையெழுத்தைப் பார்க்கவே துரை ஒரு நிமிஷம் நிற்பார்.

செம்மேட்டில் கிடந்தவர்கள் பிரமிடுகளுக்கெல்லாம் மிகவும் முந்தியவர்கள். குழந்தை தூங்குகிற மாதிரி, இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, கைகளை முகத்துக்கு முன்னால் வைத்துப் படுத்திருந்தார்கள். தலை தெற்கே, முகம் மேற்கே. அதாவது நைல் நதியையும் வயல்களையும் பார்த்தபடி. சுற்றிலும் வாய் மட்டும் கறுத்த சிவப்புப் பானைகள். யார் இவர்கள்? இங்கேயே பிறந்தவர்களா, எங்கிருந்தாவது வந்தவர்களா? அந்தக் கேள்விக்காகத்தான் துரை லண்டனிலிருந்து வந்திருந்தார்.

மத்தியானம் வேலையை நிறுத்தி, வெயிலில் புளித்துப் பொங்கிய ரொட்டியையும் வெங்காயத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தொழிலாளிகளுக்குள்ளும் அதே கேள்விதான்.

“இதுல என்னய்யா ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு? இவங்க எங்க ஆளுங்க. கிறிஸ்தவங்க நாங்க இங்கயே இருந்தவங்க. நீங்கதான் அரபு நாட்டுலேர்ந்து நேத்து வந்தீங்க” என்பான் பிஷாரா, வெங்காயத்தை முஷ்டியால் குத்திக்கொண்டே.

“நேத்தா? எங்க பாட்டன் பூட்டன் ஹிஜாஸ்லேர்ந்து குதிரையில வந்து ஆயிரம் வருஷம் ஆச்சு. எங்க வீட்டுல வம்சாவளியே எழுதி வச்சிருக்கு” என்பான் கினாவி.

“ஆமா, எழுதிக் கொடுத்தவரு எங்க மாமா. காசு கொடுத்தா உன் குதிரைக்கும் சேர்த்து எழுதித் தந்திருப்பாரு.”

எல்லோரும் சிரிப்பார்கள். கினாவியும் சிரிப்பான். ஆனால் குழிக்குள் இறங்கி அந்த முகங்களுக்கு முன்னால் மண்டியிடும்போது அவனுக்குள் அந்தக் கேள்வி அரித்துக்கொண்டே இருக்கும். அடுத்தவன் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு ஆசை. இவர்கள் எந்த மொழியில் குழந்தையைத் திட்டியிருப்பார்கள்? ரொட்டியை எதில் தொட்டுக்கொண்டிருப்பார்கள்?

நாலாம் எண் குழியில் ஒரு பெண் இருந்தாள். இடுப்பெலும்பைப் பார்த்தே பெண் என்று சொல்லிவிடுவான். முகத்து மண்ணை ஊதி முடித்ததும் கினாவி கத்தியைக் கீழே வைத்துவிட்டான். மேல்வரிசையில் முன்பற்களுக்குப் பக்கத்துப் பல் இல்லை. விழுந்த பல் இல்லை, விழுந்திருந்தால் குழி இருக்கும். முளைக்கவே இல்லை. எலும்பு வழுவழு என்று மூடியிருந்தது.

அதே இடத்தில் கினாவிக்கும் பல் கிடையாது. அவன் அம்மாவுக்கும் கிடையாது. அவன் மகள் ரதீபாவுக்கும் பால்பல் விழுந்தபின் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பாள். ஒன்பது வயதில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டாள். அவளைக் குழியில் இறக்கி, வலப்பக்கமாகச் சாய்த்து, கன்னம் மண்ணில் படும்படி முகத்தை மக்காவை நோக்கித் திருப்பி வைத்தது கினாவியின் கைகள்தான். அது நடந்து இரண்டு வருஷம் ஆகியும் அவன் மனைவி நஃபூசா அவனை “ரதீபா அப்பா” என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

குழிக்குள் கினாவி ரொம்ப நேரம் குந்தியிருந்தான். மேலே எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இந்தப் பெண் மக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இத்தனை காலமாகக் கிடக்கிறாள். அந்தக் காலத்தில் மக்காவைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அது அவள் குற்றமில்லை. ஆனால் பார்த்துவிட்டு அப்படியே விட்டால் அது நம் குற்றம் இல்லையா? அவன் இரண்டு கைகளாலும் அந்தத் தலையை மெல்லத் தூக்கி, கிழக்கே, கொஞ்சம் தெற்குச் சாய்வாக, தான் தினம் ஐந்து வேளை பார்க்கிற திசைக்குத் திருப்பி வைத்தான். தலை உருண்டு பழைய இடத்துக்கே வரப் பார்த்தது. மடியைத் துழாவினான். தேநீர் அடுப்பின் மூன்று கற்களில் ஒன்று அன்று காலை சூட்டில் வெடித்திருந்தது. மாற்றுக் கல் போட்டுவிட்டு, கத்தி தீட்ட உதவும் என்று அந்தச் சுண்ணாம்புக் கல்லை மடியில் கட்டிவைத்திருந்தான். அதில் ஒரு சில்லை உடைத்துத் தாடைக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். தலை நின்றது. பழைய பள்ளத்தை மணலால் நிரப்பி, ஊதிச் சமன் செய்தான். அந்த மூச்சுக்கு அது ஒரு வேலையா?

செய்து முடித்தபிறகுதான் யாராவது பார்த்தார்களா என்று மேலே எட்டிப் பார்த்தான். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. ஒருத்தியைத் திருப்பிவிட்டு அடுத்த குழியில் இருப்பவனை எப்படி விடுவது? அவன் என்ன பாவம் செய்தான்? அந்தப் பருவம் முடிவதற்குள் கினாவியின் கையில் வந்த பதினேழு பேரும் மக்காவைப் பார்த்தார்கள். மற்றவர்கள் துப்புரவு செய்த நாற்பத்து மூன்று பேர் பழையபடி மேற்கே பார்த்தார்கள்.

ஹெஸ்கத் துரைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

“ஒரே இடுகாட்டில் இருவகை மக்கள்!” என்று குழிக்குக் குழி ஓடினார். “உடல் மேற்கு நோக்கி, முகம் மட்டும் கிழக்கே திரும்பியிருக்கிறது. கினாவி, இதன் பொருள் உனக்கு விளங்குகிறதா?”

“இல்லீங்க துரை” என்றான் கினாவி. பொய்யில்லை. துரைக்கு என்ன விளங்கியது என்று அவனுக்கு விளங்கவில்லைதான்.

“இவர்கள் வந்தேறிகள்! தாம் விட்டு வந்த நாட்டைத் திரும்பிப் பார்த்தபடி புதைக்கப்பட்டவர்கள்! ஒவ்வொரு தலைக்கும் ஒரு கல் அணை. அதில் கரி படிந்திருக்கிறது. புதைக்கும்போது சிறு தீ மூட்டியிருக்கிறார்கள்!”

கினாவி துண்டால் வாயை மூடிக்கொண்டான்.

துரை இரும்புக் கவடு ஒன்றை வைத்து மண்டைகளின் அகலத்தையும் நீளத்தையும் அளந்தார். கிழக்கு பார்த்த பதினேழும் மற்றவற்றைவிட அகலம் என்று கண்டுபிடித்தார். அந்த உற்சாகத்தில் தொழிலாளிகளின் தலைகளையும் அளந்தார். அதில் பிஷாராவின் தலை அசல் அரபுத் தலை என்றும், கினாவியின் தலை பழைய எகிப்தியத் தலை என்றும் வந்தது. அன்று மத்தியானம் பிஷாரா வெங்காயத்தைக்கூடக் குத்தவில்லை.

லக்ஸரிலிருந்து இன்னும் இரண்டு துரைமார்கள் பார்க்க வந்தார்கள். கூடாரத்து நிழலில் மூன்று பேரும் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். ஒருவர் இந்த மக்கள் மேற்கே லிபியாவிலிருந்து வந்தார்கள் என்றார். இன்னொருவர் தெற்கே கறுப்பு மனிதர்களின் நாட்டிலிருந்து நதியோடு இறங்கி வந்தார்கள் என்றார். ஹெஸ்கத் துரை ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். செம்மேட்டில் பென்சில் முனையை ஊன்றி, பதினேழு முகங்களும் பார்க்கிற திசையில் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தார். கோடு பாலைவனத்தைத் தாண்டியது, செங்கடலைத் தாண்டியது, அரேபியாவில் போய்க் கரை ஏறியது. “ஹிஜாஸ்!” என்றார்.

அடுத்த குழிப் பட்டியலோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பிஷாரா அந்தக் கோட்டைப் பார்த்தான். அது ஜித்தாவை உரசிக்கொண்டு எந்த ஊரில் போய் முடிகிறது என்று படித்தான். பிறகு கூடாரத்துக்கு வெளியே பானை தூக்கிக்கொண்டிருந்த கினாவியைப் பார்த்தான். படித்த மூன்று பேருக்கும் தெரியாத சங்கதி அவனுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

வெளியே வந்து கினாவியின் காதைப் பிடித்துத் திருகாத குறைதான். “அடப்பாவி! செத்து மண்ணாப் போனவங்களை எல்லாம் தொழுகைக்கு நிறுத்திட்டியே!”

“மெதுவாப் பேசுடா.”

“எதுக்குடா இப்படிப் பண்ணின?”

“முதுகைக் காட்டிட்டுக் கிடந்தாங்க. மனசு கேக்கல.”

பிஷாரா தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் துரையிடம் சொல்லவில்லை. “எனக்கென்ன வந்தது, நான் நம்பர் எழுதறவன்” என்று போய்விட்டான்.

மண்டைகளெல்லாம் வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் லண்டனுக்குப் போயின. கற்சில்லுகளை மட்டும் ஒரு தகரப் பெட்டியில் துரை கூடவே வைத்துக்கொண்டார், அடுத்த பருவத்தில் வரைந்து முடிப்பதற்காக. ஊருக்குள் சேதி பரவியதும் கினாவியின் பங்காளிகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். இங்கிலீஷ்காரனே சொல்லிவிட்டான், நாம் ஹிஜாஸ்காரர்கள் என்று. கினாவி மட்டும் சந்தைக்குப் போனால் எதிரே வருகிறவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். பேரீச்சம்பழம் விற்கிறவளுக்கு அந்தப் பல் இல்லை. அவள் எந்த வம்சம் என்று விசாரித்தான், அவள் செருப்பைக் காட்டினாள்.

அடுத்த பருவத்தில் வினை வந்தது. கினாவிக்குக் கண்நோய். இமை வீங்கி, பகல் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. துரை அவனை நிழலில் உட்கார்ந்து பானை ஓடு ஒட்டுகிற வேலைக்குப் போட்டு, எலும்பு துப்புரவை ஷாத்லியிடம் கொடுத்தார். ஷாத்லி நஃபூசாவின் தம்பி, கினாவி கற்றுக்கொடுத்தவன். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். இந்த வேலை கிடைத்ததை வைத்துத்தான் அவனுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள்.

ஷாத்லி ஒழுங்காகத்தான் வேலை செய்தான். சட்டப்படி ஒன்றையும் அசைக்கவில்லை. முதல் குழி, முகம் மேற்கே. இரண்டாம் குழி, மேற்கே. ஒன்பது குழி ஆயிற்று, ஒரு தலைகூடக் கிழக்கே திரும்பவில்லை, ஒரு கல்கூட இல்லை. துரையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“சென்ற ஆண்டு இதே மேட்டில் பதினேழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வாண்டு எவரும் பார்க்கவில்லை. நீ தலைகளை நகர்த்துகிறாய்!”

“அல்லாஹ் மேல சத்தியமா இல்லீங்க துரை! ஒரு மயிரிழை நகர்த்தல!”

“கற்கள் எங்கே? வீசிவிட்டாய், அல்லவா? வியாழக்கிழமை கணக்கு முடித்துக்கொண்டு போய்விடு. இனி எங்கும் உனக்கு வேலை இருக்காது.”

வியாழனுக்கு இரண்டு நாள் இருந்தது. ஷாத்லி நேராகக் கினாவியின் வீட்டுக்கு வந்து கதவருகே உட்கார்ந்து அழுதான். பெண் வீட்டார் காதுக்கு அதற்குள் போய்விட்டது. பொய்க்காரன் என்று விரட்டப்பட்டவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“மச்சான், நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதானே செஞ்சேன்? எங்க தப்பு பண்ணினேன்னு நீங்களாவது சொல்லுங்க.”

கினாவியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்நோய் நல்ல சாக்காக இருந்தது. தம்பி போனபின் நஃபூசா கண்ணுக்கு மருந்து விடும்போது கினாவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பல்லில்லாத பெண்ணிலிருந்து பதினேழாவது தலை வரை.

நஃபூசா மருந்துக் குப்பியைக் கீழே வைத்தாள். “அவளுக்கும் அதே இடமா?”

“அதே இடம்.”

“ரதீபா மாதிரியேவா?”

“தண்ணியைப் பீய்ச்சி அடிப்பாளே, அதே இடம்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க பண்ணினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ரதீபா அப்பா. ஆனா அதுக்கு என் தம்பி கழுத்தைக் கொடுக்கணுமா?”

“நான் சொன்னா என் சீட்டுக் கிழியும். பதினோரு வருஷப் பேரு போயிடும்.”

“சொல்லலைன்னா அவன் சீட்டுக் கிழியும். அவன் ஒண்ணும் பண்ணல.” அவள் மற்றொரு கண்ணுக்கு மருந்து விட்டாள். அது முதல் கண்ணைவிட அதிகமாக எரிந்தது.

மறுநாள் காலை கினாவி கண்ணுக்கு மேல் துண்டைக் கட்டி நிழலாக்கிக்கொண்டு துரையின் கூடாரத்துக்குப் போனான். துரை புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார், பெட்டியளவு தாள் சேர்ந்திருந்தது. பிஷாரா பக்கத்தில் உட்கார்ந்து எண் பார்த்துக்கொண்டிருந்தான்.

“துரை, ஷாத்லி எதையும் நகர்த்தல. போன வருஷம் தலைகளைத் திருப்பினது நான்தான்.”

துரை எழுதுவதை நிறுத்தி, கனிவாகவே சிரித்தார். “உன் மைத்துனனைக் காப்பாற்ற வந்திருக்கிறாய். நல்ல மனம். ஆனால் நான் நம்பப் போவதில்லை. நீ ஒரு மணியைக்கூட நகர்த்தாதவன். இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.”

கினாவி இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பெயரே இப்போது வழியை மறித்து நின்றது. மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேஜையில் வைத்தான். இரண்டு முஷ்டி அளவு, ஓரமெல்லாம் உடைந்து போன வெள்ளைக் கல்.

“அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்க.”

துரை தலையாட்டினார். பிஷாரா பெட்டியைத் திறந்து பதினேழு சில்லுகளையும் மேஜையில் பரப்பினான். ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் குழி எண். கினாவி நாற்காலி கேட்கவில்லை, மேஜையருகே மண்டியிட்டான். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்தான். பானை ஓடு ஒட்டிப் பழகிய விரல். நாலாம் எண் சில்லை எடுத்துப் பெரிய கல்லின் விளிம்பில் வைத்தான், நறுக்கென்று உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்பதாம் எண். அதை ஒட்டிப் பன்னிரண்டு. துரை முதலில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஏழாவது சில்லு பொருந்தியபோது முன்னால் குனிந்தார். பத்தாவதில் எழுந்து நின்றார். பதினோராவதை அவரே எடுத்து வைத்தார். எந்தப் பழம்பானையை ஒட்டும்போதும் வருகிற அதே ஆவலில், தன் புத்தகம் உடைவதையும் மறந்து, “இல்லை, இது இந்தப் பக்கம்” என்று கினாவியின் கையைத் தட்டிவிட்டார்.

பதினேழும் பொருந்தின. ஒரே கல். கரி படிந்த பக்கத்தைத் திருப்பியதும் பிறை மாதிரி ஒரு வளைந்த கறுப்புக் கோடு முழுசாகத் தெரிந்தது. துரை அதைப் பார்த்தார். வாசலில் அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த தேநீர்க் கெண்டியைப் பார்த்தார். பிஷாரா போய்க் கெண்டியைத் துணியால் பிடித்து எடுத்துவந்து அந்தக் கோட்டின் மேல் வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

வெளியே கழுதை ஒன்று கத்தியது.

“மண்டைகள்” என்றார் துரை கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “அவற்றின் அளவு வேறுபட்டதே? நானே அளந்தேன்.”

“நாங்க அண்ணன் தம்பி நாலு பேரு துரை. ஒருத்தன் தலைப்பாகை இன்னொருத்தனுக்குச் சேராது.”

“ஏன் செய்தாய்?”

கினாவி வாயைத் திறந்து, பல் இல்லாத இடத்தை விரலால் காட்டினான். “நாலாம் நம்பர் பொண்ணுக்கும் இங்க இல்லை. எங்க அம்மாவுக்கு இல்லை. செத்துப்போன என் பொண்ணுக்கும் இல்லை. அவளை மக்காவுக்கு முதுகு காட்டிப் படுக்க வைக்க எனக்குக் கை வரல. அப்புறம் மத்தவங்களையும் விட முடியல.”

துரை குறிப்பேட்டைப் புரட்டினார். நாலாம் எண் பக்கத்தில் அவர் கைப்படவே எழுதியிருந்தது, மேல்வரிசையில் ஒரு பல் பிறவியிலேயே இல்லை என்று. அந்த வரியை அவர் மறந்தே போயிருந்தார். மண்டையின் அகலத்தில்தான் அவருக்குக் கண்.

“உன் குடும்பம் ஹிஜாஸிலிருந்து வந்தது என்றார்களே?”

“சொல்றாங்க. குதிரையில வந்தவங்க இருந்திருப்பாங்க துரை. வந்தவங்க இங்க யாரையாவது கட்டிக்கிட்டிருப்பாங்கல்ல? அதை எந்த வம்சாவளியிலயும் எழுதல.” கொஞ்சம் தயங்கி, ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டான். “லண்டன்ல இப்ப அவங்க எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்காங்க?”

அது துரைக்கே தெரியாது என்று பிஷாரா பின்னால் சொன்னான். பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் ஏதோ ஒரு நிலவறையில் கிடந்தன.

அன்றே தீர்ப்பு ஆயிற்று. ஷாத்லி வேலையில் இருக்கலாம். கினாவி போக வேண்டும். “சட்டம் உனக்குத் தெரியும்” என்றார் துரை. கினாவிக்குத் தெரியும், அவனே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம். ஆனால் துரை மற்றத் துரைமார்களுக்குக் கடிதம் எழுதவில்லை. எழுதினால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே. பெட்டியளவு சேர்ந்த புத்தகம் வெளிவரவே இல்லை. செம்மேட்டுப் பானைகளைப் பற்றி ஒல்லியாக ஒன்று மட்டும் வந்ததாம். பிஷாரா அரக்குப் பசை வைத்து அந்தக் கல்லை ஒட்டிக் கொடுத்தான். துரைதான் ஒட்டச் சொன்னார், கினாவியிடம் கொடுத்துவிடு என்றும் சொன்னார்.

கிளம்பிய அன்று கினாவி நேராக வீட்டுக்குப் போகவில்லை. காலியாகக் கிடந்த நாலாம் குழியில் இறங்கினான். அவள் படுத்திருந்த மாதிரியே இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, மேற்கே பார்த்துப் படுத்தான். அவள் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிய வேண்டும் அவனுக்கு. மூக்குக்கு ஒரு சாண் தள்ளி குழியின் சரளைச் சுவர். நதியும் இல்லை, வயலும் இல்லை. ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. தேடிக்கொண்டு வந்த பிஷாரா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “என்னடா தெரியுது அங்கேர்ந்து?” என்று கேட்டான். கினாவி அங்கேயே படுத்தபடி வயிறு குலுங்கச் சிரித்தான். அப்புறம் அழுதான்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் இருந்தான். மற்றத் தோண்டல்களிலும் கூப்பிட்டார்கள், பானை ஒட்ட மட்டும் போனான், எலும்பு வேலைக்குப் போகவில்லை. ஷாத்லிக்குக் கல்யாணம் ஆயிற்று, பின்னாளில் பெரிய மேஸ்திரியே ஆகிவிட்டான். அவனுடைய மூத்த பெண்ணைக் கினாவியின் தம்பி மகன் கட்டிக்கொண்டான், அவர்களுக்குப் பிறந்த குழந்தைக்குப் பால்பல் விழுந்ததும் கினாவி தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். எல்லாப் பல்லும் முளைத்தது. அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எகிப்தியர் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று துரைமார்கள் இன்னும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாராவது கினாவியிடம் கேட்டால், “எனக்கும் தெரிஞ்சுக்கணும்” என்பான்.

அவன் இறந்தபோது குழியில் இறங்கி அவனை வாங்கியவன் ஷாத்லி. வலப்பக்கம் சாய்த்து, முகத்தை மக்காவுக்குத் திருப்பினான். கடைசி வருஷங்களில் கினாவிக்குக் கழுத்து இளைத்துப் போயிருந்தது, தலை நிற்காமல் சரிந்தது. மேலே நின்றிருந்தவர்களில் நஃபூசாவுக்கு மகன்முறையான ஒருவன் செங்கல் தேடப் போனான். ஷாத்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து அந்த ஒட்டுக்கல்லை எடுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்தான். நஃபூசா கொடுத்தனுப்பியிருந்தாள்.

இடுகாட்டுச் சுவருக்கு அப்பால் பிஷாரா தடியை ஊன்றிக்கொண்டு நின்றான். மண் தள்ளி முடித்து ஷாத்லி வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அந்தக் கல்லுல என் நம்பரெல்லாம் அழியாம இருக்குடா. பதினேழு குழி நம்பர். நாளைக்கு எவனாவது தோண்டினா ஒரு தலைக்குப் பதினேழு நம்பரைப் பார்த்துட்டு இவன் யாரு, எந்த நாட்டுக்காரன்னு முழிக்கப் போறான்.”

“முழிக்கட்டும்” என்றான் ஷாத்லி. “முதல்ல வாயைத் திறந்து பல்லைப் பார்க்கட்டும்.”